லில்லு பேசி முடிக்கும் வரை

சாலிகிராமத்தில், ஒரு கறிக்கடைக்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கும் நடுவே ஏறும் குறுகலான மாடிப்படியின் முடிவில் இருக்கிற டப்பிங் தியேட்டரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, 'ரோமுவும் கூட்டாளிகளும்' என்ற கார்ட்டூனின் இருநூற்றுப் பன்னிரண்டாவது பாகத்தில், முதலை வாயைப் பிளந்துகொண்டு கரையேறி வருகிற இடத்தில், லில்லு தன் வசனம் முடிந்த பிறகும் வாயை மூடவில்லை.

அந்தக் கூட்டத்தின் ஒரே சிறுமியான அவளுக்கு அந்த இடத்தில் இருந்தது "ஐயோ ரோமு, காப்பாத்து!" என்ற ஒரே வரி. அந்த வரியை நான்கு வருடங்களாகப் பேசிவந்த ஷெர்மிளி, வழக்கம்போலக் கீச்சுக் குரலில் ஒரே டேக்கில் பேசிவிட்டு, ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே திரையைப் பார்த்தாள். லில்லு இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை, உதடுகள் மட்டும் அசைந்தன. மூல மொழியின் ஒலியைப் போட்டுக் கேட்டால் அதிலும் குருவிகள்தான் கத்தின. வாயைப் பிளந்த முதலை பிளந்தபடியே நின்றது. மரத்திலிருந்து குதித்த ரோமு பாதி வழியில், மஞ்சள் மேலங்கி விரிந்தபடி அந்தரத்தில் நின்றான். கூட்டாளிப் பையன்கள் நான்கு பேரும் புதருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டியபடி நின்றார்கள். சவுண்ட் இன்ஜினியர் கில்பர்ட்டின் கடிகாரத்தில் நான்கு நிமிடம் பத்து விநாடி ஓடியது. பிறகு அவள் வாயை மூடினாள், ரோமு குதித்தான், முதலையைக் கயிற்றால் கட்டினான், படம் முடிந்தது. மொத்த நீளத்தைக் கில்பர்ட் பார்த்தான். எப்போதும்போலப் பதினோரு நிமிடம்தான். அந்த நான்கு நிமிடம் எதிலிருந்தும் எடுக்கப்படவில்லை, எதோடும் சேரவும் இல்லை. அவன் லாக் நோட்டில் 'லில்லு, கூடுதல் வாயசைவு, 4.10, வசனம் வரவில்லை' என்று எழுதிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுகிற டாக்பேக் பட்டனை அழுத்தி, "ஷெர்மிளி, கழட்டாத. உனக்கு இன்னும் நாலு நிமிஷம் பாக்கி இருக்கு" என்றான்.

"நாலு நிமிஷமா? என்ன பேசுறது?"

"அதை உமாபதி சாரைத்தான் கேக்கணும்."

உமாபதி அந்தத் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவர், இன்சார்ஜும் அவர்தான். வந்து ஒரு தடவை பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "வரைஞ்சவங்க எங்கேயோ தூங்கிட்டாங்க. வெட்டிரு" என்றார். கில்பர்ட் வெட்டினான். வெட்டிய இடத்தில் பேசாத லில்லு அடுத்த காட்சியில் ரோமுவின் தோளுக்குப் பின்னால் நின்று பேசினாள். அதையும் வெட்டினார்கள். நான்கு வருடமாகக் கையை ஆட்டி ஆட மட்டும் செய்த டைட்டில் பாட்டில், ஆடுவதை நிறுத்திவிட்டு நின்று பேசினாள். பாட்டை வெட்ட முடியாது. அதனால் வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டினார்கள்.

சேனலின் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். தமிழ்ப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற நந்திதா மேடம் பழைய காப்பியாக இருக்கும் என்று புதிய காப்பி அனுப்பினார். அதிலும் லில்லு பேசினாள். இந்தத் தடவை ஆறு நிமிடம். புதன்கிழமை பதினைந்து நிமிடம், வியாழக்கிழமை இருபத்தைந்து. வசனம் கொடுக்காமல் இருக்க இருக்க அது நீண்டுகொண்டே போனது. லில்லு பேசத் தொடங்கியதும் கில்பர்ட் டிபன் பாக்ஸைத் திறந்து, சாம்பார் சாதம் சாப்பிட்டு, கை கழுவி வந்து உட்காருவான். அப்போதும் ரோமு அந்தரத்திலேயே இருப்பான். பக்கத்து அறையில் சீரியல் டப்பிங்குக்கு வருகிறவர்கள் இடைவேளையில் எட்டிப் பார்த்தார்கள். தெலுங்கு பேசுகிறவர் அவள் தெலுங்கில்தான் பேசுகிறாள் என்றார், மலையாளம் பேசுகிறவர் சத்தியமாக மலையாளம் என்றார், ஒரு கன்னடக்காரர் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு மகளைக் கூப்பிட்டுப் பேசினார்.

ரோமுவுக்குக் குரல் கொடுத்தது ஜெயசெல்வி. கார்ட்டூனில் சிறுவர்களுக்குப் பெண்கள்தான் பேசுவார்கள், அது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. தூத்துக்குடியிலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்தவள், பத்தொன்பது வருடமாகப் பையன்களாகவே பேசிவருகிறாள். குதிக்கிற பையன், பறக்கிற பையன், பூதத்தை ஏமாற்றுகிற பையன், கடைசி நான்கு வருடமாக ரோமு. அந்தக் கத்தலுக்குத் தொண்டை வேண்டும் என்பதற்காக மற்ற நேரத்தில் அவள் அதிகம் பேசுவதில்லை. கடைக்காரரிடம் விரலைக் காட்டி வாங்குவாள், வீட்டில் முணுமுணுப்பாள். தவறிப்போய் போனில் 'ஹலோ' சொன்னால் எதிர்ப்பக்கம், "தம்பி, அம்மாகிட்ட குடுப்பா" என்பார்கள். கேமரா யூனிட்டில் வேலை பார்க்கும் கணவர் பாதி நாள் வெளியூரில் இருந்ததால், எட்டு வயது மகள் பவிஷா, சிறு பிள்ளையாக இருந்தபோது ரோமுவின் குரலில் அதட்டினால்தான் சாப்பிடுவாள்.

ஜெயசெல்விக்கு உதடு படிக்கத் தெரியும். பத்தொன்பது வருடம் வாயசைவுக்கு வார்த்தை பொருத்தியவள். 'ப'வும் 'ம'வும் வந்தால் உதடு ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் பார்க்கிறவனுக்குக் குறுகுறுக்கும். புதன்கிழமையே அவள் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"சார், அவ பேசுற முதல் வரில உதடு ஒட்டவே இல்ல. ஒரு தடவைகூட. அப்படின்னா அதுல ரோமு பேரு கிடையாது."

"ரோமு பேரு இல்லாம லில்லு என்ன பேசுவா?" என்றார் உமாபதி. அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

ஆனாலும் அவர் தெரிந்ததை எழுதினார். 'ரோமு மாதிரி ஒரு வீரனை நான் பார்த்ததே இல்ல' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். ஷெர்மிளி பேசினாள். ஒட்டக் கூடாத இடத்திலெல்லாம் வார்த்தை ஒட்டியது. பாதியில் லில்லுவே வாயை மூடிக்கொண்டு, பாவாடையில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். வியாழக்கிழமை நந்திதா மேடம் அலுவலகத்திலேயே யாரோ எழுதிய ஒரு வசனத்தை அனுப்பினார். இந்தக் காலத்துக்கு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று குறிப்பும் இருந்தது. 'நான் ஒரு பெண்! புயல் நான்! நெருப்பு நான்! என்னால் முடியாதது எதுவுமே இல்லை!' ஷெர்மிளி மூச்சுப் பிடித்துப் பேசினாள். லில்லு தலையைச் சாய்த்து மரியாதையாகக் கேட்டுவிட்டு, மறுபடி புல்லை எடுத்தாள்.

"ரெண்டுமே அவ இல்லன்றா" என்றாள் ஜெயசெல்வி.

"அப்ப அவ யாருதான்? திங்கட்கிழமை அஞ்சரைக்கு ஒளிபரப்பு. அதுக்குள்ள சொல்லிருவாளா?" என்று உமாபதி எழுந்து போனார்.

பள்ளிக்கூடம் விட்டதும் பவிஷா தியேட்டருக்குத்தான் வருவாள். வெளியே சோபாவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். வியாழக்கிழமை கண்ணாடி வழியாக லில்லு பேசுவதைப் பார்த்தவள் அப்பார்ட்மெண்டில் போய்ச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஒன்பது பிள்ளைகள் புத்தகப் பையோடு மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டேக் போகும்போது தியேட்டரின் கனமான கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே லில்லு பேசிக்கொண்டிருந்தாள். ஜெயசெல்வி கதவைத் திறந்து விட்டாள்.

பிள்ளைகள் கார்ப்பெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். அரை மணி நேரம் ஒரு பிள்ளைகூட சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. பிறகு மெதுவாகப் பேச்சு வந்தது. பாத்ரூம் போகணும்னு சொல்றா, இத்தனை பாகத்துல அவ போனதே இல்ல என்றான் ஒரு பையன். ஜூஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்றா என்றாள் இன்னொருத்தி. பவிஷா மட்டும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"அவ திட்டுறாம்மா."

"யாரை?"

"யாரையும் இல்ல. அவளையேதான் திட்டிக்கிறா. நான் கண்ணாடியை உடைச்சப்ப அப்படித்தான் மூஞ்சி வெச்சிருந்தேன்."

அப்போதுதான் உமாபதி உள்ளே வந்தார். மைக் திறந்திருந்தது, லில்லு பேசத் தொடங்குகிற இடத்திலிருந்து படம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது, தரையில் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். நான்கு நாள் தூங்காத மனிதர் வாசலிலேயே நின்று கத்தினார். "இது தியேட்டரா, ட்யூஷன் சென்டரா? யாரு உள்ள விட்டது? கில்பர்ட், நீயா? டேக் போகும்போது கதவைத் திறந்தது யாரு?"

கில்பர்ட் நாற்காலியிலிருந்து எழுந்தான். அவன் மேல் பழி போவதைப் பார்த்த ஜெயசெல்வி மைக்குக்கு முன்னால் நின்றபடியே திரும்பினாள்.

"நான்தான் கதவைத் திறந்து விட்டேன்" என்றாள்.

அது ரோமுவின் குரல் இல்லை. வீட்டில் முணுமுணுக்கிற குரலும் இல்லை. கொஞ்சம் கரகரப்பாக, அடியில் தூத்துக்குடி உப்பு ஒட்டியதுபோல, யாரும் கேட்டிராத ஒரு குரல் தியேட்டரின் நான்கு ஸ்பீக்கரிலும் வந்தது. திரையில் லில்லுவின் உதடுகள் அதே நேரத்தில், அதே அளவில், ஒரு மயிரிழை பிசகாமல் அசைந்தன. நான்தான் கதவைத் திறந்து விட்டேன். உதடு ஒரு தடவைகூட ஒட்டவில்லை.

உமாபதி மெதுவாகக் கதவைச் சாத்தினார். "எந்தக் கதவு?" என்று பிள்ளைகளில் ஒன்று கேட்டது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். லில்லுவுக்குப் பின்னால், ஓரத்தில், நான்கு நாளாக யாரும் கவனிக்காத இடத்தில், முதலையின் கூண்டு இருந்தது. அதன் கதவு திறந்து கிடந்தது.

உமாபதி ஒரு காகிதத்தை எடுத்தார், பிறகு அதை மடித்துப் பையில் வைத்துவிட்டார். "செல்வி, நீயே பேசு" என்றார். ஜெயசெல்வி ஹெட்போனைப் போட்டுக்கொண்டாள். கில்பர்ட் படத்தைத் திரும்ப ஓட விட்டான். ஒரே டேக். லில்லுவின் உதட்டைக்கூட அவள் பார்க்கவில்லை. இன்னொருத்தியோடு சேர்ந்து நடப்பதுபோல அவளோடு சேர்ந்து பேசினாள்.

"நான்தான் கதவைத் திறந்து விட்டேன். முதலை எப்படி நீந்துதுன்னு பாக்கணும்னு ஆசை. ரோமுகிட்ட கேட்டா, நீ இங்கயே நில்லு, நான் பாத்துட்டு வந்து சொல்றேன்பான். எத்தனை தடவைதான் அவன் பாத்துட்டு வந்து சொல்லி நான் கேக்குறது? அதான் திறந்தேன். அப்புறம் நீங்க யாரு திறந்தான்னு தேடினப்ப, எனக்குத் தெரியாதுன்னு பொய் சொன்னேன். அது தப்பு. இப்ப எனக்குப் பயமா இருக்கு. ஆனா பயமா இருக்குன்னு சொன்ன உடனே என்னைத் தூக்கிட்டுப் போய் மரத்துல உக்கார வெச்சிராதீங்க. நான் திறந்தது, நான்தான் மூடணும். எப்படி மூடுறதுன்னு தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க. எனக்குப் பதிலா செய்யாதீங்க, சொல்லுங்க."

இப்படியே அவள் பேசினாள். புல்லில் சறுக்கி விழுந்ததைப் பற்றியும், கூட்டாளிகளுக்கு எப்போதும் ஜூஸ் போடுவது தனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பதைப் பற்றியும், முதலையின் வயிறு மஞ்சளாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்பதைப் பற்றியும் பேசினாள். முடித்தபோது கடிகாரத்தில் முதல் நாளைப்போலவே சரியாக நான்கு நிமிடம் பத்து விநாடி. லில்லு வாயை மூடினாள். அந்தரத்தில் நான்கு நாளாக நின்ற ரோமு தரைக்கு வந்தான். ஆனால் அவன் முதலைமேல் பாயவில்லை. கயிற்றின் ஒரு முனையை அவளிடம் நீட்டினான். அவள் முடிச்சுப் போட்டாள். தப்பான முடிச்சு. முதலை அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது. படம் முடிந்தது.

"முதலை தப்பிச்சிருச்சே" என்றார் உமாபதி.

"ஆமா சார்" என்றாள் ஜெயசெல்வி. அந்தக் குரல் இன்னும் அவளிடமே இருந்தது. "பிள்ளைங்களை உள்ள விட்டதும் நான்தான். தப்புதான். ஆனா மறுபடியும் திறப்பேன்."

திங்கட்கிழமை ஐந்தரை மணிக்கு அது ஒளிபரப்பானது. வேறு காப்பி இல்லாததால்தான் நந்திதா மேடம் விட்டார். லில்லு பேசிய நான்கு நிமிடம் பத்து விநாடியும் எல்லா வீட்டிலும் எதிலும் சேராமல் ஓடியது. அதற்குப் பிறகு வந்த விளம்பரம் தாமதமாகவில்லை, ஆறு மணிச் செய்தி ஆறு மணிக்கே வந்தது, ஆனால் அடுப்பில் இருந்த பால் பொங்க நான்கு நிமிடம் அதிகம் எடுத்துக்கொண்டது. முதல் வாரம் புகார்கள் வந்தன. பொய் சொல்கிற பெண்ணைக் காட்டுகிறீர்கள் என்று ஒரு தலைமையாசிரியர் எழுதினார். ரோமு சொன்ன அதே பொய்களை நான்கு வருடம் குறும்பு என்று சிரித்துப் பார்த்த வீடுகளிலிருந்தே, இவள் வாய் கொஞ்சம் அதிகம் என்று போன்கள் வந்தன. இரண்டாவது வாரம் குறைந்தது. அடுத்தடுத்த பாகங்களிலும் லில்லு அப்படியே பேசினாள்; மூன்றாவது வாரம் ஜனங்கள் அந்த நான்கு நிமிடத்துக்கு வேலை வைத்துக்கொண்டார்கள். விருகம்பாக்கத்தில் ட்யூஷன் டீச்சர் ஒருத்தி அப்போதுதான் தலை வாரினாள். பள்ளி வேன் டிரைவர்கள் அந்த நேரத்தில் எந்த சிக்னலில் நின்றாலும் கோபப்படுவதில்லை. மாவு அரைக்கிற ஒரு அம்மா, கிரைண்டரை ஓட விட்டு, கல்யாணமாகி முதல் தடவையாக நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுச் சும்மா உட்கார்ந்தாள். லில்லு ஏன் இப்படிப் பேசுகிறாள் என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்று அவள் என்ன சொன்னாள் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஜெயசெல்வியின் அப்பார்ட்மெண்டில் வண்டி நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் ரோமு விளையாட்டு விளையாடுவார்கள். முன்பெல்லாம் பையன்களுக்கு ஐந்து வேஷம், பெண்களுக்கு ஒன்று. ஏழு பெண்களில் சாபூத்ரி போட்டு ஜெயித்தவள் லில்லு, மற்ற ஆறு பேரும் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து கை தட்டுவார்கள். இப்போது முதலையைத் திறந்து விடுகிற வேஷம் எனக்குத்தான் வேண்டும் என்று பையன்களே லில்லுவாக வரிசையில் நின்றார்கள். வரிசையில் இடம் கிடைக்காத பெண்கள் ரோமுவாகவும், கூட்டாளிகளாகவும், இரண்டு பேர் சேர்ந்து முதலையாகவும் ஆனார்கள். சாயங்காலம் மேல்மாடியிலிருந்து பார்த்தால் யார் யாரென்று அம்மாக்களுக்கே தெரியவில்லை.

திரையில் லில்லு ஒன்றும் வீராங்கனை ஆகிவிடவில்லை. இருநூற்றுப் பதின்மூன்றாவது பாகத்தில் முடிச்சு நழுவியது. பதினான்கில் முடிச்சு நின்றது, கயிறு அறுந்தது. பதினைந்தில் கோபத்தில் ரோமுவின் மேலங்கியைக் கிழித்துவிட்டு, இரண்டு காட்சிக்கு முகம் கொடுக்காமல் சுற்றி, அப்புறம் தானே தைத்துக் கொடுத்தாள். அதைக் கோணலாகத் தைத்திருந்தாள். பத்தொன்பதில்தான் முதலையை ஆற்றுக்குக் கூட்டிப் போனாள், அது நீந்துவதைக் கரையில் நின்று முழுக்கப் பார்த்தாள். வரைகிறவர்களைக் கேட்டதற்கு, நாங்கள் இதையெல்லாம் வரையவில்லை, ஆனால் எங்கள் கை வரைகிற மாதிரியேதான் இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்று பதில் வந்தது.

அதற்கப்புறம்தான் நந்திதா மேடம் போன் செய்தார்.

"ஜெயசெல்வி, ரோமுவும் லில்லுவும் இப்ப பாகத்துக்கு ரெண்டு தடவை சண்டை போடுறாங்க. ஒரே தொண்டைல ரெண்டும் வந்தா பிள்ளைங்க கண்டுபிடிச்சிருவாங்க. ரோமுவா, லில்லுவா, ஒண்ணு சொல்லுங்க. இன்னொண்ணு ஷெர்மிளி பண்ணட்டும். நாளைக்குள்ள சொல்லணும்."

உமாபதி அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் சொன்னார். "செல்வி, யோசிச்சுப் பேசு. ரோமு பேரு டைட்டில்ல இருக்கு. தொடர் இருக்கிற வரைக்கும் அவன் இருப்பான். லில்லு வந்த மாதிரியே ஒரு நாள் வாயை மூடிட்டா என்ன பண்ணுவ? மறுபடி 'காப்பாத்து'ன்னு கத்திக்கிட்டு நிப்பியா?"

ஜெயசெல்விக்குப் பயம் இருந்தது. பத்தொன்பது வருடம் பழக்கிய தொண்டை அது. அதை இன்னொருத்தியிடம் கொடுப்பது உடம்பிலிருந்து எதையோ கழற்றிக் கொடுப்பதுபோல இருந்தது. வாசலில் நின்ற ஷெர்மிளியின் முகத்தைப் பார்த்தாள். ரோமு கிடைக்கப்போகிற சந்தோஷமும், அக்காவிடமிருந்து பிடுங்குகிறோமே என்ற சங்கடமும் அதில் ஒன்றாக இருந்தன.

"மூடுனா மூடட்டும் சார்" என்றாள் ஜெயசெல்வி. "மூடுற வரைக்கும் அவ பேசுறது என் குரலா இருக்கணும். ரோமுவை ஷெர்மிளிக்குக் குடுங்க. அவ நல்லாப் பண்ணுவா."

வீட்டில்தான் எதிர்ப்பு வந்தது. பவிஷா தட்டைத் தள்ளிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் 'எங்கம்மாதான் ரோமு' என்பதுதான் இதுவரை அவளுடைய பெரிய சொத்து.

"நாளைக்கு கிளாஸ்ல நான் யாருன்னு சொல்றது?"

"லில்லுவோட பொண்ணுன்னு சொல்லு."

"லில்லுவுக்கே ஏழு வயசுதாம்மா ஆகுது!"

இரண்டு நாள் அவள் அம்மாவோடு பேசவில்லை. ரோமுவின் குரலில் கெஞ்சினால் ஒரு நிமிடத்தில் சமாதானமாகியிருப்பாள், அது ஜெயசெல்விக்குத் தெரியும். அவள் செய்யவில்லை. தன் கரகரப்பான குரலிலேயே சாப்பிடக் கூப்பிட்டாள், தன் குரலிலேயே படிக்கச் சொன்னாள், தன் குரலிலேயே கோபப்பட்டாள். மூன்றாவது நாள் சாயங்காலம் டிவியில் லில்லு, தைத்த நூல் அறுந்துபோனதற்கு ஊசியைத் திட்டிக்கொண்டிருந்தாள். பவிஷா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அம்மா, அவ உன்னை மாதிரியே திட்டுறா."

"நான் அப்படியா திட்டுறேன்?"

"ரெண்டு நாளா அப்படித்தான் திட்டுற" என்று சொல்லிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆறு மாதம் போனது. லில்லு வாயை மூடவில்லை, மூடுவாளோ என்று யாரும் நினைப்பதும் நின்றுபோனது. இருநூற்று நாற்பத்தியொன்றாவது பாகத்தில் காட்டில் வெள்ளம் வந்தது. பாலம் உடைந்திருந்தது. உடைந்த பாலத்தின் நுனியில் ரோமு இடுப்பில் கை வைத்து நின்றான். "யாரும் பயப்படாதீங்க, நான் இருக்கேன்!" என்று ஷெர்மிளி முழங்கினாள். முழங்கி முடித்த பிறகும் ரோமுவின் வாய் அசைந்தது.

கில்பர்ட் கையைப் பட்டனிலிருந்து எடுத்தான். உமாபதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்; இந்தத் தடவை வெட்டச் சொல்லவில்லை. திரையில் கூட்டாளிகள் காத்திருந்தார்கள். வெள்ளம் சுழித்தபடியே நின்றது. லில்லு பாலத்தில் ஏறி வந்து, ரோமுவுக்குப் பக்கத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இவனை உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றாள் ஷெர்மிளி. "என்ன சொல்றான்?"

"எனக்குத் தெரிஞ்சவன் இப்படிப் பேசினதே இல்ல" என்றாள் ஜெயசெல்வி. "இப்ப அவன் உன் ஆளு. நீ கேளு."

ஷெர்மிளி வெகுநேரம் பார்த்தாள். பெரிய வெள்ளம் வந்த வருடத்தில் ஜாபர்கான்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில், தண்ணீர் படிப்படியாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் நின்றவள் அவள். கையிலிருந்த வசனக் காகிதத்தை ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்தாள். மைக்குக்கு மிக அருகில் போய், ரோமு இதுவரை பேசாத ஒரு சின்னக் குரலில் சொன்னாள்.

"எனக்கு நீச்சல் தெரியாது."

உதடு சரியாகப் பொருந்தியது. கில்பர்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். இருநூற்று நாற்பது பாகம் அவன் மரத்திலிருந்தும் மலையிலிருந்தும் குதித்திருக்கிறான், தண்ணீரில் ஒரு தடவைகூடக் குதித்ததில்லை. அதை யாரும் கவனித்ததும் இல்லை. ரோமு இன்னும் கொஞ்சம் பேசினான், ஷெர்மிளி அவனோடு கூடவே பேசினாள். எல்லோரும் எதிர்பார்த்து நிற்கும்போது தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை என்றான். மேலங்கி நனைந்தால் எவ்வளவு கனக்கும் என்று தினமும் நினைப்பேன் என்றான். சொல்லிவிட்டு இடுப்பிலிருந்த கையை எடுத்தான்.

லில்லுவின் உதடு அசையத் தொடங்கியது. ஜெயசெல்வி இரண்டாவது மைக்குக்கு வந்தாள்.

"எனக்கும்தான் தெரியாது" என்றாள். "எந்திரி. நடந்து போற வழி எங்கேயாச்சும் இருக்கும், தேடுவோம்."

இரண்டு பேரும் பாலத்திலிருந்து இறங்கினார்கள். ரோமு மேலங்கியைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். லில்லு ஒரு குச்சியால் சேற்றின் ஆழம் பார்த்துக்கொண்டே முன்னால் போனாள், கூட்டாளிகள் பின்னால் வந்தார்கள். ஓரிடத்தில் அவள் பார்த்துச் சொன்னது தப்பாகி, எல்லோரும் முழங்கால்வரை சேற்றில் இறங்கி, திட்டிக்கொண்டே ஏறி வந்தார்கள். பதினோரு நிமிடம் முடிந்தபோது அவர்கள் அக்கரைக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்த பாகத்திலும் நடந்துகொண்டிருந்தார்கள்.